ஊசி போட்டும் கட்லா முட்டையிடாதது ஏன்: எட்மன்டனிலிருந்து அண்ணனுக்கு

எட்மன்டன், கனடா
ஜனவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே இப்போது காலை எட்டே முக்காலுக்குத்தான் விடிகிறது, மாலை ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. டிசம்பர் கடைசியில் பகல் ஏழரை மணி நேரம்தான். ஜூனில் அதுவே 17 மணி நேரம். ஏரிகள் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. ஒயிட்ஃபிஷ் என்ற மீன் அக்டோபர், நவம்பரில் விட்ட முட்டைகள் அந்தப் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்து வசந்தத்தில்தான் பொரிக்கும். பைக் மீனோ பனி உடைந்த கையோடு கரைப் புல்லில் முட்டையிடும். நம் கெண்டைகளுக்குப் புதுவெள்ளம் மாதிரி, இவற்றுக்குப் பகலின் நீளமும் தண்ணீரின் சூடும்தான் பஞ்சாங்கம். அதைப் படித்துச் சினைப்பைக்குச் சேதி அனுப்புவது மூளை.

உங்கள் கட்லாக் கெண்டை விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டதில் பல முட்டையிடவில்லை, மறுநாள் திரும்பப் போட்டதில் சில செத்துப்போயின என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போடும் ஓவாப்ரிம் மருந்தில் குறையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த மருந்தின் அடிப்படையே இந்த ஊரில் கண்டுபிடித்ததுதான்.

மீனின் மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸ், 10 அமினோ அமிலங்கள் கோத்த ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நம் உடம்பில் இது நுண்ணிய ரத்தக் குழாய் வழியாகப் பிட்யூட்டரி என்ற சுரப்பிக்கு இறங்கும்; கெண்டை போன்ற மீன்களில் நரம்பு நுனியே நேராகப் பிட்யூட்டரிக்குள் போய்விடுகிறது. பிட்யூட்டரியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வரும். முட்டை வளரும் மாதங்களில் முக்கியமானது எஃப்எஸ்எச். அதன் தூண்டுதலில் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்க, ஈரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தைச் செய்து ரத்தத்தில் அனுப்புகிறது. கடைசி இரவில் வருவது எல்எச். அது திடீரென்று ஏறினால்தான் முட்டை முதிர்ந்து கழன்று விழும்.

கெண்டை இனத்தில் இதற்கு ஒரு தடையும் உண்டு. டோபமின் என்ற பொருள் பிட்யூட்டரியில் உட்கார்ந்துகொண்டு எல்எச்சை வெளியே விடாது. இங்குள்ள அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பீட்டரின் குழு தங்கமீன் மூளையில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தபோது, எல்எச் சட்டென்று ஏறி மீன் சினையை விட்டது. அந்தத் தடை இருப்பது அப்படித்தான் தெரிந்தது. தங்கமீனும் கெண்டைக் குடும்பம்தானே. பிறகு சீனாவின் லின் ஹாவ்ரானும் பீட்டரும் சேர்ந்து, ஜிஎன்ஆர்எச் போன்ற மருந்தோடு டோபமினைத் தடுக்கும் மருந்தையும் கலந்து போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு லின்பே முறை என்று பெயர். இந்த ஊரில் எனக்கு மிகப் பெருமை தரும் விஷயம் இது.

ஓவாப்ரிம் 1 மில்லியில் சால்மன் மீனின் ஜிஎன்ஆர்எச்சைப் போலச் செய்த ஹார்மோன் 20 மைக்ரோகிராம், டோபமினைத் தடுக்கும் டோம்பெரிடோன் 10 மில்லிகிராம். ஆமாம், வாந்திக்குக் கொடுக்கும் அதே டோம்பெரிடோன்தான். இயற்கை ஹார்மோனை உடம்பின் நொதிகள் சீக்கிரம் வெட்டிப்போடும். இதில் அமினோ அமிலக் கோவையின் ஆறாவது இடத்தையும் கடைசியையும் மாற்றியிருப்பதால் நீண்ட நேரம் நிற்கும். பெண் கட்லாவுக்குக் கிலோவுக்கு 0.4 முதல் 0.5 மில்லி போதும். 5 கிலோ மீனுக்கு 2 மில்லி போட்டாலே 40 மைக்ரோகிராம் ஹார்மோன் போய்விடும். ஆணுக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 0.2.

ஆனால் இந்த ஊசி கடைசி இரவின் வேலையை மட்டும்தான் செய்யும். மஞ்சள்கரு நிரம்பாத முட்டையை அது நிரப்பாது. அது பல மாத வேலை, தாய்மீன் குளத்தில் தீனியும் தண்ணீரும் பார்க்க வேண்டிய வேலை. வயிறு பெருத்திருப்பதை நம்ப முடியாது, கொழுப்பும் அப்படித்தான் தெரியும்.

அதனால் ஊசிக்கு முன் மெல்லிய குழாயைச் சினைத்துளையில் விட்டு நாலைந்து முட்டையை எடுங்கள். ஆல்கஹால் 6 பங்கு, ஃபார்மலின் 3, அசிட்டிக் அமிலம் 1 கலந்த நீரில் ஐந்து நிமிடம் போட்டால் முட்டை தெளிந்து உட்கரு தெரியும். அது நடுவில் இருந்தால் முட்டை இன்னும் தயாராகவில்லை, மீனைத் திரும்பக் குளத்தில் விட்டுவிடுங்கள். பெரும்பாலான முட்டைகளில் ஓரத்துக்கு வந்திருந்தால் அன்று மாலையே போடலாம்.

இரண்டாவது ஊசியை விட்டுவிடுங்கள். வலையடிப்பிலும் கைபிடிப்பிலும் ஏற்கெனவே களைத்த மீன் அது. அரைகுறையாய் முதிர்ந்த முட்டை நீர் கோத்து வயிறு ஊதி அடைத்துக்கொள்ளும். அதில்தான் செத்திருக்கும் என்று நினைக்கிறேன். முட்டை கழன்று வெளியே வராமல் தங்கினாலும் சில மணி நேரத்தில் கெட்டுவிடும், கருத்தரிக்காது.

ஊசியைச் செதிலுக்கு அடியில் 45 பாகை சாய்த்து, முதுகுத் துடுப்புக்கும் பக்கவாட்டுக் கோட்டுக்கும் நடுவே தசையில் போடச் சொல்லுங்கள். கோட்டில் படக் கூடாது. மருந்து கெட்டியானது, வேகமாக அழுத்தினால் பாதி வெளியே வழிந்துவிடும். மெல்ல ஏற்றி, எடுத்ததும் விரலால் தேய்த்துவிட வேண்டும். தொட்டித் தண்ணீர் 27, 28 டிகிரியில் ஓடட்டும். 32-க்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள்.

வைகாசியில் முதல் மீனைப் பிடித்ததும், தெளிந்த முட்டையைச் செல்போனில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி