கூப்பிடு தூரத்தில் கப்பல்

அன்புள்ள மூர்த்தி,

பத்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் அப்பா போனபோது வாட்ஸப்பில் இரண்டு வரி போட்டதோடு சரி. நீயும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. அன்றைக்கே நாலு வார்த்தை திட்டியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அப்பாதான். அது பிறகு வருகிறது, பொறு.

வீட்டில் எல்லாரும் சுகம். பெரியவள் வேலைக்குப் போகிறாள், சின்னவன் வேலைக்குப் போவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறான். என் சர்க்கரை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கமலா நார்த்தங்காய் விஷயத்தை உன் வீட்டில் ஞாபகப்படுத்தச் சொன்னாள். ஒட்டடைக்குச்சி தாத்தா ஆகிவிட்டானாமே! அந்தக் குழந்தையாவது அவனைப் போல இல்லாமல் சதைப்பிடிப்பாக இருக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்குப் பிள்ளைகள் இரண்டும் காசு போட்டு நோர்வேக்கு ஒரு குரூஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். கப்பல் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் இருக்கிற டோவர் துறைமுகத்தில் புறப்பட்டது. ஏழு நாள். மலை, தண்ணீர், மறுபடியும் மலை, இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம், சாப்பாட்டுக் கூடத்தில் பத்து வகை ரொட்டி, தயிர் சாதத்துக்கு மட்டும் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கப்பலைப் பற்றி அவ்வளவுதான். நான் எழுதினால் ரயிலைப் பற்றித்தான் எழுதுவேன் என்று கமலா முன்பே சொல்லிவிட்டாள், அவளை ஏன் ஏமாற்ற வேண்டும்?

காரில் போயிருக்கலாம். பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், துறைமுகத்திலேயே ஒரு வாரம் காரை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நான் ரயில் என்று அடம்பிடித்தேன். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து டோவருக்கு அதிவேக ரயில் இருக்கிறது. பாரிஸ் ரயில்களுக்காகப் போட்ட தடம், 2007-ல் முழுசாகத் திறந்தது. 2009 கடைசியிலிருந்து உள்ளூர் ரயில்களும் அதில் ஓடுகின்றன, ஜப்பானில் ஹிட்டாச்சி கட்டிய ரயில்கள், மணிக்கு 225 கிலோமீட்டர். ஆஷ்ஃபோர்டு வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர், 38 நிமிடத்தில் போய்விட்டோம். கமலா ஃபிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றி, மூடியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி தூரம் போயிருந்தது. ஆஷ்ஃபோர்டு தாண்டினால் பழைய தடம், மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுகிற அந்தக் காலத்து ஏற்பாடு. மீதி முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அரை மணி ஆகிறது. நம் ரயில் முகத்தை மாற்றிக்கொண்டு பாசஞ்சராகிவிடுகிற மாதிரி.

அந்த அரை மணியை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபோக்ஸ்டனைத் தாண்டியதும் ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் கடல். ஷேக்ஸ்பியர் பாறை என்று பெயர் வைத்த குன்றைக் குடைந்து ஒரு சுரங்கம், அதை விட்டு வெளியே வந்தால் நேராகத் துறைமுகம். அங்கேதான் எங்கள் கப்பல் நின்றுகொண்டிருந்தது, மூர்த்தி. வெள்ளை வெளேரென்று, மாடி மாடியாக, சன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில். கமலா "வந்தாச்சு" என்று எழுந்து பெட்டியை இழுக்க ஆரம்பித்துவிட்டாள். ரயில் என்ன செய்தது தெரியுமா? நிற்காமல் இடது பக்கம் திரும்பி இன்னொரு சுரங்கத்துக்குள் புகுந்து, ஊருக்குள் இருக்கிற டோவர் ப்ரயரி நிலையத்தில் கொண்டுபோய் விட்டது.

அங்கிருந்து கப்பலுக்கு இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். சின்ன வயசில் பெட்டியைத் தோளில் வைத்து நடந்திருப்போம். இரண்டு பெரிய பெட்டி, ஒரு பை புளிக்காய்ச்சல், என் முட்டி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டாக்ஸி வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் பதினெட்டுப் பேர், எல்லார் கையிலும் கப்பல் கம்பெனியின் அட்டை கட்டிய பெட்டி. டாக்ஸி மூன்றோ நாலோதான், அவையே போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். நாற்பத்தைந்து நிமிடம் நின்றோம். அதற்குள் பெரிய பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று சரிவில் தனியாக உருண்டு போயிற்று. அதைத் துரத்தி ஓடியது யார் என்று கேட்காதே.

இப்போது நீ பேப்பரும் பென்சிலும் எடு, கணக்கு வாத்தியாரே. ரயிலில் 66 நிமிடம், வரிசையில் 45, டாக்ஸியில் 7. ஆக 118. ரயில் மட்டும் சராசரி 113 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறது, கப்பல் வரைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நான் வந்தது 65-ஐக்கூடத் தொடவில்லை. சரி, வேகத்தைக் கூட்டினால்? லண்டனிலிருந்து ஆஷ்ஃபோர்டு வரை நடுவில் எங்கும் நிற்காமல், கிளம்பிய நொடியிலிருந்து 225-லேயே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 24 நிமிடம். லாபம் 14 நிமிடம்தான். கோடிக்கணக்கில் கொட்டி அந்த 14 நிமிடத்தைப் பிடிப்பதைவிட நாலு டாக்ஸியும் ஒரு பஸ்ஸும் விட்டால் போதாதா? இதை எட்டாம் வகுப்புப் பரீட்சையில் கேள்வியாகக் கொடுத்துப் பார். ஒருவனாவது "கப்பல் தெரிகிற இடத்தில் ரயிலை நிறுத்த வேண்டும்" என்று எழுதினால் அவனுக்கு நூற்றுக்கு நூறு போடு, நான் சொன்னதாக.

இதோடு முடிந்திருந்தால் வழக்கமான புலம்பலாகப் போயிருக்கும். டாக்ஸி போய் நின்ற கட்டடத்தைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். குரூஸ் டெர்மினல் என்று பலகை. ஆனால் கட்டடம் ரயில்வே ஸ்டேஷன்! உயரமான கூரை, இரும்புத் தூண்கள், நீள நீளமாகப் பிளாட்பாரம். தண்டவாளம் ஓடிய பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கி, ரயில் நின்ற இடத்தில் கார்களை நிறுத்தியிருக்கிறார்கள். டோவர் மரைன் என்று இதற்குப் பெயர், பின்னால் டோவர் வெஸ்டர்ன் டாக்ஸ் ஆயிற்று. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களை லட்சக்கணக்கில் கப்பலிலிருந்து இறக்கி ரயிலேற்றிய இடம். போரில் செத்துப்போன ரயில்வே ஊழியர்களுக்கு உள்ளே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை.

அந்தக் காலத்தில் லண்டன் விக்டோரியா நிலையத்தில் கோல்டன் ஆரோ என்கிற ரயில் ஏறினால் நேராக இந்தப் பிளாட்பாரத்தில் வந்து இறங்கலாம். பக்கத்திலேயே கப்பல், அந்தக் கரையில் பாரிஸுக்கு இன்னொரு ரயில். நீராவி எஞ்சின் காலத்திலேயே விக்டோரியாவிலிருந்து இங்கே வர ஒன்றரை மணிக்குச் சற்று மேல்தான். என்னுடைய 118 நிமிடத்தைப் பக்கத்தில் எழுதிப் பார், எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்னொரு ரயில் இருந்தது, நைட் ஃபெரி என்று, 1936-லிருந்து 1980 வரை. தூங்குகிற பெட்டிகளை அப்படியே கப்பலுக்குள் தள்ளிச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள். லண்டனில் படுத்தவன் பாரிஸில் எழுந்திருக்கலாம்.

1994-ல் பிரான்ஸுக்குக் கடலுக்கடியில் சுரங்கம் திறந்தது, அதே வருஷம் செப்டம்பரில் இந்த நிலையத்தை மூடினார்கள். இரண்டு வருஷத்தில் குரூஸ் டெர்மினல் ஆயிற்று. ரயில் போன பிறகு கப்பல் பயணிகள் வருகிறார்கள், அதுவும் ரயில் நிலையத்துக்கே, டாக்ஸியில். இதைக் கமலாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சக்கரமில்லாத பெட்டியைக் காட்டினாள், சிரிப்பு நின்றுவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் ரயில்காரர்களைத் திட்டவும் முடியவில்லை. அந்தக் காலத்தில் கப்பல் என்பது தினசரி பஸ் மாதிரி, நேரத்துக்கு வரும் போகும், அதற்கு ரயில் விடலாம். குரூஸ் அப்படியில்லை. ஒருநாள் மூவாயிரம் பேர் மூன்று நாலு மணி நேரத்துக்குள் வந்து விழுவார்கள், அடுத்த நாள் ஈ ஆடாது. நான் வந்த ஆறு பெட்டி ரயிலில் 340 இருக்கைதான், மூவாயிரத்தை நீயே வகுத்துக்கொள். இதற்காகத் தண்டவாளத்தைத் திரும்பப் போடச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எல்லா இடமும் டோவர் இல்லை. இங்கிலாந்திலேயே இன்னொரு துறைமுகமான ஹாரிச்சில் நிலையத்தை விட்டு இறங்கினால் கப்பல் முனையம் பக்கத்திலேயே, ரயில் மெதுவாகத்தான் வரும், யாருக்கென்ன? எதிர்க்கரையில் நெதர்லாந்தின் ஹோக் வான் ஹாலந்தில் பழைய ரயில் பாதையை மூடினார்கள், ஆனால் 2019-ல் அதே பாதையில் ராட்டர்டாம் மெட்ரோவை ஓட்டிவிட்டார்கள். சவுத்தாம்ப்டனிலும் 1950-ல் கட்டிய ஓஷன் டெர்மினலில் ரயில் கட்டடத்துக்குள்ளேயே வந்து நிற்குமாம், மாடி ஏறினால் கப்பல். 1983-ல் இடித்துவிட்டார்கள். இருந்தாலும் அங்கே சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஒன்றிரண்டு முனையங்களுக்கு நடந்தே போய்விடலாம். அடுத்த தடவை சவுத்தாம்ப்டன்தான். அடுத்த தடவை என்று ஒன்று இருந்தால்.

உங்கள் ஊர்க்காரர் ஞாபகம்கூட வந்தது. 1914 மார்ச் 17-ல் ராமானுஜன் மெட்ராஸில் நெவாசா கப்பல் ஏறி, ஏப்ரல் 14-ல் லண்டனில் இறங்கினார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் காரோடு வந்து காத்திருந்தார். துறைமுகத்துக்குத் துறைமுகம் ரயில் போன காலத்திலேயே அவருக்குக் கார்தான், எனக்கு டாக்ஸி கிடைத்ததே பெரிது என்று தேற்றிக்கொண்டேன்.

அதே வருஷம் பிப்ரவரியில்தான் நம் பாம்பன் பாலமும் திறந்தது. இனிமேல்தான் அப்பா விஷயம்.

அந்தப் பழைய பிளாட்பாரத்தில் நிற்கும்போது அப்பாவின் குரல் காதில் கேட்டது. மழைக்காலத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பார்! "எழும்பூர்ல ஒரே டிக்கெட்டுடா. கொழும்புக் கோட்டை வரைக்கும் அதே டிக்கெட். தனுஷ்கோடி பியர்ல ரயிலை விட்டு இறங்கினா காலு நனையாம ஸ்டீமர் ஏறிடலாம்." இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல் பெயரையும் வீட்டு மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி சொல்வார். நாம் நம்பவில்லை. போட் மெயில் ரயிலில் பத்து தடவை காரைக்குடிக்குப் போயிருக்கிறோம், அதில் போட் எங்கே இருக்கிறது என்று கேட்டு அவரைக் கேலி செய்தது யார்? நான்தான். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

டோவரில் அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்று அளந்து பார்த்தேன். ரயில் கதவிலிருந்து கப்பல் ஏணிக்கு எத்தனை அடி இருந்திருக்கும் என்று. அவர் சொன்னது கதையில்லை என்பது எனக்கு அறுபதாவது வயதில், எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்து உறைத்தது. உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. போனை எடுத்த பிறகுதான் யாருக்குப் போடுவது என்று தெரிந்தது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. தனுஷ்கோடியில் ஒன்றரை வருஷம் குமாஸ்தாவாக இருந்தார், புயலுக்கு ஒரு மாதம் முன்னால் மாற்றல் வந்தது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்துக்கொண்டுபோன அந்தப் பாசஞ்சரில் இருந்தவர்களில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்திருக்க வேண்டுமே. ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. உன்னிடமாவது சொன்னாரா? கேட்டிருக்க வேண்டும், நாம் இரண்டு பேரும் போட்டைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஜனவரியில் வருகிறேன், பொங்கலுக்கு முன்னால். திவசத்துக்கு இருப்பேன், அதற்கு நீ கூப்பிட வேண்டியதில்லை. அது முடிந்ததும் கும்பகோணத்தில் ராத்திரி போட் மெயில் ஏறலாம். ராமேஸ்வரம் வரை இரண்டு டிக்கெட், எனக்குக் கீழ்ப் படுக்கை, முட்டி. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, நடுவில் ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்புமாமே. அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஜீப்போ ஆட்டோவோ எது கிடைக்கிறதோ அது. அங்கேயும் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு டாக்ஸிதான், பார்த்தாயா?

முன்பதிவு தொடங்குகிற அன்றைக்கே எடுத்துவிடு, பொங்கல் கூட்டம் தெரியுமல்லவா. மறந்தால் உன் மாணவர்களிடம் சராசரி கண்டுபிடிக்கத் தெரியாத வாத்தியார் என்று எழுதிப் போடுவேன்.

அன்புடன்,
உன் ரங்கன்

பி.கு: சக்கரம் கிடைத்துவிட்டது. பெட்டிதான் நோர்வேயிலேயே போய்விட்டது, அதைப் பற்றிக் கமலாவிடம் எதுவும் கேட்காதே.