மூளைக் குமிழுக்குக் ‘காயில்’ வைத்தால் முடிந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளை ரத்தக்குழாயில் குமிழ்போல் புடைக்கும் அனீரிசத்தை மண்டையைத் திறக்காமலே ‘காயில்’ எனும் உலோகச் சுருள் வைத்து அடைக்கலாம் என்பது கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்போது பலருக்கும் தெரிகிறது. நல்லதுதான். ஆனால் ‘தொடையில் ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான்’ என்ற பேச்சும் கூடவே பரவுகிறது. வீடு திரும்பியபின் நேரும் தவறுகளுக்கு இந்தப் பேச்சுதான் வேர்.

தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக கதீட்டர் எனும் மெல்லிய குழாயைக் குமிழின் வாய்வரை ஏற்றி, தலைமுடி போன்ற பிளாட்டினம் சுருள்களை உள்ளே அடைப்பார்கள். முதல் சுருள் கூடு கட்டும்; அடுத்தடுத்த சிறிய சுருள்கள் இடைவெளியை நிரப்பும். உள்ளே ரத்தம் உறைந்து, குமிழ் ஓட்டத்திலிருந்து ஒதுங்கிவிடும். வாய் அகன்ற குமிழானால் சுருள் வெளியே சரியும் என்பதால் பலூனோ, ஸ்டென்ட் எனும் வலைக்குழாயோ வைத்துத் தாங்குவார்கள்.

குமிழ் வெடித்து ரத்தம் கசிந்த நோயாளிக்குக் காயில் தடுப்பது மறுகசிவை மட்டும்தான். ஏற்கெனவே கசிந்த ரத்தம் சுற்றியுள்ள தமனிகளைச் சுருங்கவைக்கும். கசிவு நேர்ந்து ஏறத்தாழ 4-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை அந்த ஆபத்து அதிகம். அதன் பாதிப்பைக் குறைக்கத்தான் நிமோடிபின் மாத்திரை. வழக்கமான அளவு 60 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். நள்ளிரவு வேளையும் இதில் சேர்த்தி; தூக்கம் கெடும் என்று விடக்கூடாது. 30 மி.கி. மாத்திரையானால் மொத்தம் 252. ஆஸ்பத்திரியில் கொடுத்ததுபோக மீதியைக் கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள். ஊர் மருந்துக்கடையில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நிஃபெடிபின் என்பது வேறு மருந்து. பெயர் ஒலி ஒத்திருப்பதால் மாறிவிடும், பட்டையில் எழுத்தைப் படித்துப் பாருங்கள். தலைசுற்றி ரத்த அழுத்தம் இறங்கினால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். அளவைப் பாதியாக்கி 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் வழி உண்டு.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும்தான் உயிர்நாடி. பல் பிடுங்க வேண்டும், வயிறு எரிகிறது என்று இவற்றைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் காயில் வைத்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டபிறகே நிறுத்த வேண்டும்.

மறுபரிசோதனையைத் தவறவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. வெடித்த அனீரிசம் உள்ள 2,143 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஐசாட் ஆய்வில், ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழமுடியாதவர்களும் மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தில் கிளிப் மாட்டும் அறுவையில் 30.6 சதவீதம், காயிலில் 23.7 சதவீதம். காயிலுக்குச் சாதகமான முடிவுதான். ஆனால் நாளடைவில் சுருள்கள் அமுங்கிக் குமிழ் மறுபடி நிரம்புவது காயிலில்தான் அதிகம். தலைவலி இல்லை என்பது குமிழ் மூடியிருப்பதற்குச் சான்றல்ல. சொன்ன மாதத்தில் ஆஞ்சியோவோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தால்தான் தெரியும். பிளாட்டினத்தைக் காந்தம் இழுக்காது, ஸ்கேனுக்கு அஞ்சவேண்டாம். வைத்த சுருளின் விவரம் உள்ள காயில் அட்டையை மட்டும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் திரும்பும் குடும்பங்களின் கையில் ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே இருந்தால் இதெல்லாம் எப்படிப் புரியும்? மருந்து வேளை, நிறுத்தும் தேதி, மறுபரிசோதனை மாதம், அழைக்க ஓர் எண் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுத் தர தமிழ்நாடு, புதுச்சேரி சுகாதாரத் துறைகள் இரண்டும் ஆணையிட வேண்டும்.

– கேத்லேப் (ஆஞ்சியோ அறை) செவிலியர்கள் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.