ஆண்டறிக்கை: மாணவர் குறும்படமும் மண்டபத்தில் கேட்ட கருத்துகளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நமது மன்றத்தின் ஓராண்டுப் பணிகளை இங்கே படைக்கிறேன். பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, இரத்ததான முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாணவர் குறும்படத் திரையிடல் இவ்வாண்டு புதிது என்பதால் அதை விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் ரப்பர் மரம் சீவப் போன ஒரு பெண்ணின் கதை அது. எடுத்தவர்கள் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள். சுற்றுவட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு பிறந்தவர்கள், மரம் சீவுவதைக் கண்ணால் பார்க்காதவர்கள். பார்க்க வந்தவர்களில் பலர் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளி சுமந்து வாழ்ந்தவர்கள்.

படம் முடிந்ததும் கைதட்டல் பலமாக இருந்தது. "அருமை", "இன்னும் நிறைய எடுங்க" என்றார்கள். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த படத்துக்கு உதவும் பேச்சு ஓர் அம்மா எழுந்து நின்றபோதுதான் தொடங்கியது. "தம்பி, நேத்து சீவுன வெட்டுல காஞ்சு ஒட்டுன ஒட்டுப்பால உரிக்காம யாராச்சும் கத்தி வைப்பாங்களா? வெயிலும் உச்சிக்கு வந்துருச்சு, இந்நேரத்துக்குப் பால் ஏது?" என்று கேட்டார். பிறகு நாற்காலியின் முதுகையே மரமாக வைத்து, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகக் கையை இழுத்துக் காட்டினார். பட்டை மெல்லிதாகச் சீவப்பட வேண்டும், ஆழம் போனால் மரத்துக்குக் காயம் என்றார். படப்பிடிப்பாளர் மாணவி ஓடிவந்து அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார்.

இதைச் சின்னத் திருத்தம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடியுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடிகிறது. வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அதனால்தான் நம் தாய்மார்கள் தூங்கும் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டில் ரப்பர்க் காட்டுக்குப் போனார்கள். படத்தில் வெயில் அடிக்கும்போது அந்த வாழ்க்கையின் பாதிக் கஷ்டம் காணாமல் போகிறது. 1877-இல் மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சில நடப்பட்ட கோலகங்சார் நமக்குப் பக்கத்து ஊர். இங்கிருந்து வரும் ரப்பர்க் கதையில் விளக்கில்லாத அந்த நேரம் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு பெரியவர், துண்டாடலைக் காட்டிய படம் 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, அதுவும் அவர் பிறந்த ஊரில், என்று வருந்தினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளிப் பணமாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதை தனிப் படத்துக்கே போதும். பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

கடுமையான கருத்தும் வந்தது. அப்பா சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துவிட்டு வரும் காட்சி நம் சமுதாயத்தைக் கேவலப்படுத்துகிறது, வெட்டிவிடுங்கள் என்று இருவர் வற்புறுத்தினர். இயக்கிய மாணவர் பொறுமையாகக் கேட்டு, காட்சி இருக்கும் என்று பணிவாகச் சொன்னார். அவர் சொன்னது சரி என்பது என் துணிபு. கத்தி பிடிக்கும் விதத்தைப் பெரியவர்கள் திருத்தட்டும், அது அவர்கள் கைகண்ட தொழில். எதைக் காட்டுவது என்பதைப் படம் எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த அப்பா போதையிலும் மகளின் செருப்பைத் துடைத்து வாசலில் வைக்கிறார். அதைப் பார்த்தவர்களுக்கு அவர்மேல் வெறுப்பு வந்திருக்காது.

அன்றைய உரையாடலை நடத்திய ஆசிரியர், அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த முறையைப் பின்பற்றினார். முதலில் மனத்தில் தங்கியதைப் பார்வையாளர்கள் சொல்ல வேண்டும். அடுத்துப் படைத்தவர் கேட்பார், பிறகு பார்வையாளர்கள் கேட்பார்கள். அபிப்பிராயம் படைத்தவரின் சம்மதத்தோடு கடைசியில் வரும். நம் மக்கள் அந்த வரிசையை அவ்வளவாகக் காக்கவில்லை. இருந்தாலும் ஒரு பெரிய பயன் கிடைத்தது. "முடிவு புரிந்ததா?" என்று மாணவர்கள் கேட்டபோது எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். "கடைசியில் அந்தப் பெண் எங்கே போகிறாள்?" என்று கேட்டதும் ஒருவர் ஈப்போ என்றார், ஒருவர் சிங்கப்பூர் என்றார், மூன்றாமவர் அண்ணன் வீட்டுக்கு என்றார். முடிவு எங்கே தெளிவில்லை என்று பிள்ளைகளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஒலியைப் பற்றிய குறையும் நியாயமானதே. தகரக் கூரையில் மழை விழுந்ததும் வசனம் கேட்கவில்லை. அது மழையால் மட்டும் வந்ததன்று, ஒலிவாங்கி பேசுபவரிடமிருந்து தூரத்தில் இருந்திருக்கிறது. சட்டைக் காலரில் மாட்டும் ஒலிவாங்கி இரண்டு வாங்கித் தர மன்றம் முன்வர வேண்டும். நம் மலாய், சீன அண்டை வீட்டாரும் வந்திருந்ததால் திரையின் அடியில் மலாய்த் துணையுரையும் அவசியம்.

மாணவர்கள் மரம் சீவும் காட்சியை மறுபடி எடுக்க முன்வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவும் விடியற்காலையில் உடன் வரச் சம்மதித்துவிட்டார். இனி கதை எழுதும் கட்டத்திலேயே பெரியவர்களைக் கூட்டி உட்காரவைக்கவும், ஒலிவாங்கிச் செலவை மன்றம் ஏற்கவும் இப்பேரவையின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்