நல்ல தண்ணீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கையும் கேட்ட கேள்விகளுக்குப் பதிலும்

அன்பான அடியார்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

கோயில் மேற்கு வளவில் தொடங்கிய வெயில் தண்ணீர்த் தொட்டி (உப்புக் கலந்த கிணற்றுத் தண்ணீரை வெயிலில் ஆவியாக்கி நல்ல தண்ணீர் எடுக்கும் தொட்டி) வேலை முடிந்துவிட்டது. பத்துத் தொட்டி, மொத்தம் 20 சதுர மீற்றர். அத்திவாரம், குழாய், தாங்கி, வேலி எல்லாம் சொன்னபடி முடிந்தன. எழுத வேண்டியது தொட்டிக்குள் மிதக்கவிட்ட கறுப்புத் துணியைப் பற்றித்தான், ஏனென்றால் வாட்ஸ்அப் குழுவில் "துணிக்கும் சிரட்டைக்கரிக்கும் இவ்வளவு காசா" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

சரி. எங்கள் கிணறு சவர். ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் மழைத்தண்ணீர்தான் ஆதாரம், கரையோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும், இது ஒருவருக்கும் புதிதல்ல. அந்தச் சவர்த்தண்ணீரைக் கண்ணாடி மூடிய தொட்டியில் வெயிலில் ஆவியாக்கி, கண்ணாடியின் உட்பக்கம் படிவதைப் பீலியில் சேர்ப்பது பழைய முறை. சிலி நாட்டின் லாஸ் சலினாஸில் 1872 இலேயே பெரிய அளவில் கட்டினார்கள், ஆகவே "பரீட்சிக்காத சாமான்" என்று எழுதிய அண்ணைக்கு இதுவே பதில். பழைய முறையின் குறை, தொட்டித் தண்ணீர் முழுவதும் சூடாக வேண்டியிருப்பது: ஒரு கோப்பை தேத்தண்ணீருக்குக் கிடாரம் நிறையக் கொதிக்க வைப்பது மாதிரி. ஆவியாவது மேற்பரப்பு மட்டும்தானே, சூடும் அங்கேயே நிற்கட்டும் என்பதுதான் புதிய யோசனை. 2014 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிதக்கும் கரி நுரையின் மேல் கிராஃபைட் படை வைத்து, பத்து மடங்கு குவித்த வெயிலில் 85 சதவீதச் சக்தியை ஆவியாக்கலுக்கே கொண்டுபோனார்கள். நம் கைக்கு எட்டிய வடிவம் இது: மிதக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை, மேலே சிரட்டைக்கரித் தூள் ஏற்றிய பருத்தித் துணி, தண்ணீருக்குள் தொங்கி உறிஞ்சும் அதன் ஓரங்கள். காசை இன்னும் நாலு தொட்டி கட்டப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். நாலு தொட்டிக்குக் கண்ணாடி, சீமெந்து, இடம் எல்லாம் வேண்டும், துணிக்கு இருக்கிற தொட்டியே போதும். சபை அன்று எடுத்த முடிவு சரி, இன்றும் அதையே சொல்கிறேன்.

இனி ஒப்பந்தக்காரர் விடயம். வரைபடத்தில் பலகை முழுவதும் விரல் அகலத் துளைகள் இருந்தன. அவர் துளை போடவில்லை, "ஓட்டை விட்டால் சூடு கீழே இறங்கிவிடும்" என்றார். அதில் பாதி உண்மை, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் தண்ணீர் போனால் உப்பு எங்கே போகும்? துணியிலேயே நிற்கும். துளை இருந்தால் மேலே செறிந்த உப்புநீர் கனத்துக் கீழே இறங்கும், படிந்த உப்பும் இரவில் கரைந்துவிடும். இல்லாததால் சில நாளிலேயே துணி உப்புப் பூத்து வெள்ளையாகிவிட்டது, வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், பீலியில் விழுவது பாதியாயிற்று. அவரோ குற்றம் கிணற்றில் என்றார், துளைக்குத் தனிக் கூலி கேட்டார், நாங்கள் கடைசித் தவணையை நிறுத்தினோம், அவர் பொருத்தாத கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கண்ணாடிக்குப் பதில் புதிதாக வாங்கியதும் பலகைகளை எங்கள் தச்சரைக் கொண்டு துளைத்ததும்தான் மதிப்பீட்டுக்கு மேலே போன செலவு, வேறு ஒன்றுமில்லை. கண்ணாடிக்குப் பதிலாகப் பொலித்தீன் போட்டிருக்கலாம் என்பவர்களுக்கு: பொலித்தீனில் நீர் முத்து முத்தாக நின்று வெளிச்சத்தைச் சிதறடித்துத் தொட்டிக்குள்ளேயே திரும்ப விழும், சுத்தமான கண்ணாடியில் படலமாகப் பரவிப் பீலிக்கு வழியும். ஒப்பந்தக்காரர் தலைவரின் உறவு என்று கதைப்பவர்கள், மூன்று விலைமனுக்களும் பொதுக்கூட்டத்தில் திறக்கப்பட்டதையும் அவருடையதே குறைவாக இருந்ததையும் மறந்துவிட்டீர்கள்.

"மணிக்கு ஒரு சதுர மீற்றரில் மூன்று லீற்றர்" என்ற செய்தியை அனுப்பிய தம்பிக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2018 இல் ஒரு ஜெல் அப்படிச் செய்தது உண்மை, ஆனால் அந்தக் கணக்கு ஆய்வுகூடத்தில் ஆவியாகிக் குறைந்த எடை. நமக்கு வேண்டியது பீலியில் விழுவது. ஜெல்லுக்குள் இருக்கும் தண்ணீருக்குக் குறைந்த சக்தி போதும் என்கிறார்கள், ஆனால் சாதாரணத் தண்ணீர் ஒரு லீற்றர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வேண்டும், உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்கு மணிக்கு ஒரு யூனிட்தான் தரும், ஒரு துளி வீணாகாமல் பிடித்தாலும் ஒன்றரை லீற்றர். இப்போது நல்ல வெயில் நாளில் பத்துத் தொட்டியிலும் 80 லீற்றர் அளவில் வருகிறது, தண்ணீர்ப்பந்தலுக்கும் முன்பள்ளிக்கும் காணும். ஐப்பசி, கார்த்திகையில் குறையும், அப்போது யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

உபயகாரர்: கண்ணாடி முதல் தடவை ரொறன்ரோவில் இருக்கும் வடக்கு ஒழுங்கைப் பிள்ளைகள், இரண்டாம் தடவை (கேட்ட அன்றே அனுப்பிய) சூரிச் குடும்பம், சீமெந்து சந்திக் கடைக்காரர், தாங்கி ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா, துணி லண்டனில் இருக்கும் பழைய மாணவிகள், தையல் மாதர் சங்கத்தார், கூலி வாங்கவில்லை, சிரட்டை ஊர் முழுக்க. பெயர்கள் முழுவதும் வசந்த மண்டபச் சுவரில் இருக்கின்றன, விடுபட்டவர்கள் கோபிக்காமல் என்னிடம் சொல்லுங்கள். பற்றுச்சீட்டுக் கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு யாரும் பார்க்கலாம்.

தொட்டியில் தங்கும் உப்புநீரை வாரம் ஒருமுறை கடல் பக்கம் விட வேண்டும், கிணற்றுப் பக்கம் அல்ல. கண்ணாடியையும் துடைக்க வேண்டும். அந்த வேலையை முறை வைத்துச் செய்ய இதுவரை மூன்று பேர்தான் பெயர் தந்திருக்கிறார்கள், துணிக் கணக்குக் கேட்டவர்களில் ஒருவரும் அதில் இல்லை.

செயலாளர்