வாக்குறுதி தேடினால் அகப்படவேண்டும்

ஆசிரியருக்கு,

வலைப்பதிவின் காலம் முடிந்துவிட்டது, இனித் தேர்தலைத் தீர்மானிப்பது பேஸ்புக்கும் டிக்டொக்கும்தான் என்று கடந்த ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். ஆரவாரத்தை அளந்தால் அது சரி. ஆனால் வேட்பாளர் சொன்னதை அவரே மறந்த பிறகும் தேடியெடுக்க வைத்திருப்பதற்கு வலைப்பதிவைப்போல வேறொன்று இன்னும் வரவில்லை.

2002 டிசெம்பர் 5ஆம் திகதி, அமெரிக்க செனட் சபையில் குடியரசுக் கட்சிக்குத் தலைமை தாங்கிய ட்ரென்ட் லொட், ஸ்ட்ரொம் தேர்மண்டின் 100ஆவது பிறந்தநாள் விழாவில் அவரைப் புகழ்ந்தார். தேர்மண்ட் 1948இல் இனப் பிரிவினையை முன்வைத்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். பெரிய பத்திரிகைகள் அந்தப் பேச்சை முதலில் பொருட்படுத்தவில்லை. வலைப்பதிவர்கள்தான் 1948இன் பிரசார வாசகங்களைத் தேடியெடுத்து, லொட்டின் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்து விடாமல் எழுதினார்கள். பிறகு பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. டிசெம்பர் 20ஆம் திகதி லொட் தலைமைப் பதவியிலிருந்து விலகினார்.

இதற்கு மறுபக்கம் ஹவாட் டீன். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட அவர், 2003இல் வலைப்பதிவை வைத்து ஆளும் காசும் திரட்டினார். 2004 ஜனவரி 19ஆம் திகதி ஐயோவா மாநிலத்தில் நடந்த கட்சியின் வேட்பாளர் தேர்வில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அவருக்காக வீடுவீடாகப் போனவர்களில் பலர் வெளி மாநிலத்தவர். நமக்கு இது புதிதல்ல. ரொறன்ரோவிலும் லண்டனிலும் விழுந்தடித்து வாசிக்கப்படும் பதிவுக்கு முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் ஒரு வாக்கும் கிடையாது.

நாடாளுமன்றத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஆசனங்கள் 6, ஒரு பட்டியலில் வேட்பாளர்கள் 9 பேர். (கிளிநொச்சி வன்னி மண்தான், வாக்கு மட்டும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு. இதை மாற்றி எழுதும் பதிவுகள் இன்னும் வருகின்றன.) கட்சிக்குப் புள்ளடி போட்டபின் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு இடலாம். எனவே பெயர், கட்சி, விருப்பு இலக்கம் மூன்றும் சேராத பதிவால் பயனில்லை; இலக்கத்தை மாற்றிப் போட்ட படமொன்று வட்ஸ்அப்பில் சுற்றினால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இராது.

உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குறுதியின் சொற்களை அப்படியே எழுதி, கூட்டம் நடந்த இடத்தையும் திகதியையும் குறித்தபின், அதை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை அடுத்த வரியில் போடவேண்டும். பெரும்பாலான பதிவுகள் இந்த வரியில்தான் தவறுகின்றன. உள்வீதி, தெருவிளக்கு, சந்தை, வாசிகசாலை பிரதேச சபையின் பொறுப்பு. மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34 நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியது, பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது. வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட காணியை விடுவிப்பதாகப் பிரதேச சபை வேட்பாளர் சொன்னால், அந்த அதிகாரம் சபைக்கு இல்லை என்று அன்றைக்கே எழுதவேண்டும். வென்றபின் எழுதி என்ன பயன்? உள்வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். ஆகவே பிரசாரம் சூடுபிடிக்குமுன்பே கேட்டுவைக்கவேண்டும்.

அடுத்த சிக்கல் எழுத்துரு. துண்டுப்பிரசுரம் அநேகமாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்படுகிறது. அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். படமாகப் போட்டால் தமிழில் தேடுகிறவருக்கு அகப்படுமென்று நம்பமுடியாது. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான் என ஊர்ப்பெயரின் இரண்டு வடிவங்களையும் சேர்க்கவேண்டும். வேட்பாளரின் பேஸ்புக் இடுகையைப் படம்பிடிக்கும்போது முகவரியும் திகதியும் தெரியவேண்டும். வேபேக் மெசின் என்ற இணையக் காப்பகத்திலும் ஒரு பிரதி ஏறினால், அழித்துவிட்டு மறுப்பது கடினம். சிக்னல் ஒரு கோடு நிற்கும் ஊர்களும் உண்டு. படத்தை 100 கிலோபைட்டுக்குள் சுருக்குங்கள்.

காசு வாங்கி எழுதினால் அதைப் பதிவிலேயே சொல்லவேண்டும். கொடுத்த வேட்பாளரும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்கீழ் அதைக் கணக்கில் காட்டவேண்டும். கணக்குக் கொடுக்கப் பெறுபேறு வெளியானதிலிருந்து 21 நாட்கள் உண்டு.

உங்கள் இணையப் பதிப்பின் வன்னிப் பக்கம் படமாகவே வருகிறது. தேர்தல் கூட்டச் செய்திகளையாவது திகதியோடு எழுத்தாகப் போடுங்கள். பதிவர்கள் சுட்டிக்காட்ட ஆதாரம் இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
நெடுங்கேணி