டாட்டர்ஷால் கணப்புகள்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது.

நலமா? வேளைக்குச் சாப்பிடு. போன வருடம் லீவு போட்டு டாட்டர்ஷால் கோட்டைக்குக் கூட்டிப்போனாயே, அந்தப் படங்களைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். லிங்கன்ஷயர் சமவெளியில் நூறு அடிக்கு மேல் நிற்கும் செங்கல் கோபுரத்தை என் மகன் காட்டினான் என்று இங்கே சொல்லாத ஆளில்லை.

வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான், படத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? ரால்ஃப் குரோம்வெல் 1433 முதல் 1443 வரை இங்கிலாந்தின் கருவூலத் தலைவர். உச்சியில் கல் எறியத் துளைகள் வைத்து, சண்டைக்கு நிற்பதுபோல் இந்தக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டார். ஆனால் ஜன்னல்கள் எவ்வளவு பெரிசு! அது வாழ்வதற்கான வீடுதான். தளத்துக்கு ஒரு பெரிய அறை. மேலே ஏற ஏற வந்துபோகிறவர்கள் குறைவு, உச்சித் தளம் அவருக்கு மட்டும். நீயும் அப்படி மேலேயே இருந்துவிடாதே, போனை எடு. வேளைக்குச் சாப்பிடு.

எனக்குப் பிடித்தது, குளிர்காயத் தீ மூட்டும் அந்தக் கணப்புகள். கருவூலப் பணப்பை, தன் குலச் சின்னம், அதோடு மனைவி மார்கரெட்டின் டெயின்கோர்ட் குடும்பச் சின்னத்தையும் சேர்த்துச் செதுக்க வைத்திருக்கிறார். அதை எனக்குச் சுட்டிக்காட்டியவள் என் மருமகள்தான். நீ அப்போது வெளியே போய் நின்றுகொண்டிருந்தாய்.

அந்தக் கணப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள், அமெரிக்காவுக்குப் போகவிருந்தன. வங்கத்தைப் பிரித்த அதே கர்சன், 1911இல் கோட்டையை வாங்கி, அவற்றை லண்டனில் தேடிப்பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே பொருத்தினார். 1913இல் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் வலுப்பெற்றதற்கும் இந்த விவகாரம் ஒரு காரணம். வகுப்பில் கர்சனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. இதற்காக மனதாரச் சொல்வேன். எத்தனை பேர் போனது போகட்டும் என்று விட்டிருப்பார்கள்!

அவளிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினாள். நீ எங்கே என்றால், "வெளியே போயிருக்கிறார், அத்தை" என்றாள். போன ஞாயிறு விடிகாலையிலும் அதே பதில். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. இவ்வளவு படித்த பிள்ளைக்கு அம்மாவிடம் இரண்டு வரி எழுதத் தெரியாதா?

சரி, ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறேன். ஒரே பார்சலாக அனுப்பவா, இரண்டாகவா? எந்த முகவரிக்கு என்று மட்டும் எழுது.

அம்மா