பாப்பாவின் எம்ஜிபிக்கு ஒரு டாப்

சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பழைய இங்கிலீஷ் கார் எம்ஜிபியின் டாப்பை, அந்த மடக்குக் கூரையை, ரெக்சினில் போடுவதா துணியில் போடுவதா என்று நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் அதற்குள் நீ வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். பத்திரமாக வைத்திரு, வேலை நடக்கிற அன்றைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

துணி டாப்பே வாங்கு. மாப்பிள்ளை ரெக்சின் போதும் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. துணியைவிட விலை நன்றாகவே குறைவு. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். மூட்டுகளில் பலவற்றைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள், அங்கே ஊசி ஓட்டை இருக்காது, தண்ணீர் இறங்காது. 1972-ல் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து உன் கார் வெளியே வந்தபோதும் கறுப்பு ரெக்சின்தான் போட்டிருப்பார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கராஜுக்குள் நிற்கிற கார் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆனால் உன் கார் பிரிஸ்டலில் தெருவோரம் நிற்கப்போகிறது. காலையில் டாப்பை ஏற்றி, மதியம் வெயில் வந்தால் இறக்கி, சாயங்காலம் மறுபடி ஏற்றப்போகிறாய். ரெக்சினுக்கு வளையும் குணத்தைக் கொடுப்பது அதில் கலந்திருக்கும் எண்ணெய் மாதிரியான ஒரு சரக்கு. வருஷம் போகப்போக அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்புறம் ரெக்சின் சுருங்கும், மடிப்பில் வெடிக்கும். குளிரிலோ புது ரெக்சின்கூட விறைத்துப்போகும், இழுத்துப் பட்டன் போடுவதற்குள் விரல் வலி எடுத்துவிடும். உன் படத்தில் முன் கண்ணாடிக்கு மேலே இடது ஓரத்தைப் பார். ரெக்சின், தான் ஒட்டியிருந்த முன் பட்டையை விட்டு ஒரு விரற்கடை பின்வாங்கி, பழைய சொல்யூஷன், அதாவது ஒட்டுகிற பசை, பழுப்பாகக் காய்ந்து தெரிகிறது. யாரும் பிடித்து இழுத்ததால் வந்ததில்லை, தானாகச் சுருங்கியதுதான். அந்த வழியாகத்தான் டிரைவர் முழங்காலில் தண்ணீர் சொட்டுகிறது. இடது வலது குழம்பாதே, காருக்கு எதிரே நின்று எடுத்த படம் அது.

துணி என்று கேட்டால் கடையில் மோஹேர் என்று காட்டுவார்கள். ஒரு காலத்தில் அங்கோரா ஆட்டு முடி கலந்து நெய்தது. இப்போது அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக். அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதே, நல்ல சரக்குதான். மூன்று அடுக்கா என்று மட்டும் கேள். மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், உள்ளே பருத்தியோ பாலியெஸ்டரோ. தண்ணீரைத் தடுப்பது அந்த நடு ரப்பர். சாயத்தை இழை ஆவதற்கு முன்பே கரைசலில் கலந்துவிடுகிற அக்ரிலிக்காக இருந்தால் இன்னும் நல்லது, வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. நிறம் உன் இஷ்டம். எனக்குக் கறுப்பு பிடிக்கும், அந்தக் கரும்பச்சை பாடிக்கு எடுப்பாக இருக்கும்.

தையலையும் கையில் எடுத்துப் பார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஜீப்புக்கும் பழைய கார்களுக்கும் டாப் தைத்த காலத்தில் நான் நூலுக்குத்தான் அதிகம் மெனக்கெடுவேன். வெறும் பருத்தி நூல் நனைந்தால் உப்பி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ஆனால் சில வருஷத்தில் மக்கிவிடும். வெறும் பாலியெஸ்டர் மக்காது, ஆனால் உப்பவும் உப்பாது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். உள்ளே பாலியெஸ்டர், மேலே பருத்தி சுற்றிய நூல் ஒன்று வருகிறது, இரண்டு குணமும் அதில் உண்டு. அது இல்லையென்றால், மூட்டின் உள்பக்கம் பட்டை வைத்து ஒட்டியிருக்கிறார்களா என்று திருப்பிப் பார். இரண்டும் இல்லாத டாப்பை எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதே.

டாப்பை ஆர்டர் செய்வதற்கு முன் அதைத் தாங்கி மடிகிற கம்பிச் சட்டத்தைப் பார்த்துவிடு. எனக்கு இதுதான் முக்கியம். எம்ஜிபி 1962-ல் வந்தபோது இருந்த சட்டம் வேறு, உன் காரில் இருப்பது வேறு. 1970 வாக்கில் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் வடிவமைத்ததற்கு மாறினார்கள். அவர் யார் தெரியுமா? டிரையம்ப் ஹெரால்டு காரை வரைந்தவர். அந்த ஹெரால்டுதான் நம்ம வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகச் செய்யப்பட்டது. நான் முதன்முதலில் சீட் தைத்துப் பழகிய கார் அது. அவர் கை பட்ட இன்னொரு சாமான் உன்னிடம் வந்து சேர்ந்திருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சட்டத்துக்கும் டாப் ஒன்றல்ல. ஆர்டரில் காரின் வருஷத்தை எழுதினால் மட்டும் போதாது, ஐம்பது வருஷக் காரில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சட்டத்தைப் படம் எடுத்து அனுப்பி, இதற்குத்தான் வேண்டும் என்று சொல்.

சட்டத்தின் வளைவுக் கம்பிகளை முன்னும் பின்னும் இடைவெளி மாறாமல் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு நாடாக்கள். தொட்டால் தொய்வாக இருக்கும், ஓரம் பிரிந்திருக்கும். அவற்றைக் கட்டாயம் மாற்று. நாடா தொய்ந்த சட்டத்தில் எந்தப் புது டாப்பும் உட்காராது, ஒரு பக்கம் சுருக்கம் விழும், காற்றில் படபடவென்று அடிக்கும். நிறையப் பேர் டாப் சரியாகத் தைக்கவில்லை என்று தைத்தவனைத் திட்டுவார்கள், கோளாறு நாடாவில் இருக்கும். கம்பிகளைக் கழற்றும்போதே துருவைத் தேய்த்து பெயிண்ட் அடித்துவிடுங்கள், பிறகு அந்தச் சந்தர்ப்பம் வராது.

மாட்டுவதற்கு ஜூன், ஜூலையில் வெயில் நன்றாக அடிக்கிற நாளாகப் பாருங்கள். காலையிலேயே டாப்பை விரித்துக் காயவையுங்கள். கதவுகளை மூடி, கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், அந்தக் கண்ணாடிமேல்தான் டாப்பின் ஓரம் வந்து உட்கார வேண்டும். முதலில் பின்பக்கப் பட்டையை மாட்டு. அப்புறம் முன் பட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கி போட்டுப் பூட்டிவிட்டு, துணியை முன்னால் இழுத்துப் பிடித்து, பட்டையின் விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடு. நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் போடு. கோடு நேராக வந்ததா என்று தள்ளி நின்று பார். மாப்பிள்ளையையும் பார்க்கச் சொல், அவர் கண் நிதானம் நல்லது. பிறகு கொக்கியை விடுவித்து, பட்டையிலும் துணியிலும் சொல்யூஷன் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, கோட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக இழுத்து ஒட்டு. அந்தக் கொஞ்சம் என்பது கால் அங்குலம். மறுபடி பூட்டும்போது கை முழு பலமும் கேட்கும், கேட்க வேண்டும். சுலபமாகப் பூட்டிவிட்டது என்றால் ஒரு மாதத்தில் தொய்ந்துவிடும்.

மிச்சத் துணியை அன்றைக்கே வெட்டாதே. ஒரு ராத்திரி டாப் ஏறியபடி நிற்கட்டும், காலையில் பார்த்து வெட்டு. பக்கத்துப் பட்டன்களையும் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஓட்டை போட்டு வைக்காமல், ஒன்றை அடித்து, இழுத்துப் பார்த்து, அடுத்ததற்குப் போ. மாட்டிய பிறகு இரண்டு வாரமாவது டாப்பை இறக்காதே. வெயில் அடிக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்.

அப்புறம் தினப்படி பழக்கம். ஈரத்தோடு ஒருநாளும் மடிக்காதே. நனைந்த டாப்பை மடித்து ராத்திரி முழுக்க வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த வாசனை அப்புறம் போகவே போகாது. நனைந்தபடி மடிக்க வேண்டி வந்தால் வீட்டுக்கு வந்ததும் ஏற்றிவிட்டுக் காயவிடு. நிறுத்தி வைக்கும்போது எப்போதும் ஏற்றியே வை. குளிர்காலம் முழுக்க மடித்து வைத்தால் மடிப்பிலேயே துணி தேய்ந்து போகும். பட்டுப்புடவையை அம்மா அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைப்பாளே, அதே காரணம்தான்.

பின்பக்க ஜன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக் தாள். கார்மான் கம்பெனி 1949 முதல் 1980 வரை செய்த பீட்டில் கேப்ரியோலே என்ற மடக்குக் கூரைக் காரில் பின்னால் நிஜக் கண்ணாடியே இருக்கும், தலைக்கு மேலே உள்துணியும் இருக்கும். ஆனால் அந்த டாப் மடித்தால் பின்னால் உயரமாக எழும்பி நிற்கும். உன் காரில் உள்துணி இல்லாத ஒற்றை டாப் என்பதால்தான் அது அவ்வளவு தாழ்வாக மடிந்து உட்காருகிறது. அதனால் அந்த பிளாஸ்டிக்கை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டாப்பை இறக்கும்போது துணியைச் சட்டத்தின் இடுக்கில் சிக்கவிடாமல் முதலில் பின்னால் டிக்கிமேல் இழுத்துப் போடு. ஜன்னல்மேல் ஒரு மெத்தென்ற துணியை விரித்து, அதையும் சேர்த்து மடி. உறைபனி விழுந்த காலையில் மடிக்கவே மடிக்காதே, அப்பளமாக உடையும். தூசியோடு துடைத்தால் கீறல் விழும், தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிறகு துடை. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் அதன் பக்கமே போகக் கூடாது. ஜிப் வைத்துத் திறக்கிற ஜன்னல் உள்ள டாப்பாகக் கிடைத்தால் அதையே எடு. ஜன்னல் பழுத்துப்போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கோடையில் அதை மட்டும் திறந்தாலே காற்று பிய்த்துக்கொண்டு வரும்.

கழுவுவதற்கு மிருதுவான பிரஷ், நிறையத் தண்ணீர், லேசான சோப்பு. துணியைத் தைத்த இடங்களில் பச்சையாகப் பாசி வரும், உங்கள் ஊர் மழைக்கு வராமல் இருக்காது. வந்ததும் பிரஷ் போட்டு எடுத்துவிடு, இழைக்குள் இறங்கவிடாதே. பிரஷர் வாஷர் வேண்டாம். தண்ணீர் மேலே முத்து முத்தாக நிற்காமல் ஊறத் தொடங்கினால் துணி டாப்புக்கென்று விற்கிற நீர்காப்பு மருந்தை வாங்கி அடி.

துணி டாப் உள்ள கார் நூறு சதம் தண்ணீர் விடாமல் இருக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். உள்ளே வந்த தண்ணீர் எங்கே போய்த் தங்குகிறது என்பதற்குத்தான் பயப்பட வேண்டும். உன் காருக்குத் தனியாக சேஸி கிடையாது, தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடும்தான் எலும்பு. கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற ஃபெல்ட் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும், மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். மாதம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பார். சீட்டுக்குப் பின்னால் பலகையைத் தூக்கினால் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும், யாராவது ஒரே 12 வோல்ட்டாக மாற்றியும் இருக்கலாம். பின்னாலிருந்து கசிகிற தண்ணீர் அங்கேதான் போகும், அதையும் பார். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு, ஒரு குச்சியை விட்டுச் சுத்தம் செய். நாற்பது வருஷம் தாண்டின கார் என்பதால் உங்கள் ஊரில் வருஷா வருஷம் கார் ஓடத் தகுதியானதா என்று பார்க்கிற எம்ஓடி சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அதில் கொஞ்சம் கவலைதான். வருஷத்துக்கு ஒருமுறையாவது நல்ல மெக்கானிக்கிடம் விட்டு, மேலே தூக்கி அடித்தகட்டைப் பார்க்கச் சொல்.

அம்மாவுக்கு வேறு கவலை. துணியைக் கத்தியால் கிழித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறாள். கார் உள்ளே பை, போன், கோட்டு எதையும் வைக்காதே, காலியாக இருப்பது வெளியே நன்றாகத் தெரியட்டும். ஃபைபர் ஹார்ட்டாப், அதாவது மடியாத கெட்டிக் கூரை, ஒன்று வாங்கிக் குளிர்காலத்துக்கு மாட்டலாம் என்று மாப்பிள்ளை சொன்னார், நல்ல யோசனை. ஆனால் அதைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், கோடையில் வைக்க இடமும் வேண்டும், மாடி ஃபிளாட்டில் எங்கே வைப்பாய்? இப்போதைக்கு டாப்பை இறக்கியிருக்கும்போது சீட்டுகளை மூடுகிற டோனோ கவர் ஒன்று போதும். நடுவில் ஜிப் உள்ளதாக வாங்கு. தனியாக ஓட்டும்போது உன் பக்கத்தை மட்டும் திறந்துகொள்ளலாம், பக்கத்து சீட்டில் காற்றும் தூறலும் இறங்காது.

இந்த வாரம் இரண்டு படம் அனுப்பு. ஒன்று, டாப்பை இறக்கிவிட்டுச் சட்டத்தின் நாடாக்களைப் பக்கவாட்டில் எடுத்தது. இன்னொன்று, முன் பட்டையைக் கவிழ்த்து அடிப்பக்கம், அதில் ரப்பர் பீடிங் போகிற பள்ளம் தெரிய வேண்டும். துரு இருந்தால் சுரண்டாமல் அப்படியே எடு. பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். அதுவரை டாப்புக்குப் பணம் கட்டிவிடாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா